நோல்வியாவின் காலித் தாள்

ஒன்றுமே வரையாத தாளுக்கு ஒன்பது நாள் எடுத்துக்கொண்ட ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, நோல்வியா மொந்தால்வான்தான். பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஹொண்டுராஸில், நிக்கராகுவா எல்லையை ஒட்டிய சொலுத்தேக்காவில் எங்கள் நில அளவை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் ஒன்பது நாளும் ஒரு கோடுகூட வரைந்து கொடுக்கவில்லை. நான் வெயிலில் வெந்து, முள்ளில் கிழிந்து, நாய்க்கடிக்குத் தப்பி அளந்து கொண்டுவந்த புள்ளிகள் எல்லாம் கணினிக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. அவளோ திரையில் ஒரு வெற்றுத் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் ஒரு கட்டத்தை இழுப்பதும் அழிப்பதுமாக இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்மா, மொறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா அதுவா வரைஞ்சுக்குமா?” என்று கேட்டேன்.

“வருஷத்துக்கு எத்தனை நிலம் அளப்பே?” என்றாள், தலையைத் திருப்பாமல்.

“இருநூறு, இருநூத்தம்பது.”

“அப்ப இருநூத்தம்பது தடவை பண்ற தப்பை எல்லாம் இப்பவே பண்ணி முடிச்சுக்கிறேன். பேசாம இரு.”

வந்து நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் வாய். அதுவும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவள். நிக்கராகுவாக்காரர்களுக்கு வாய் அதிகம் என்று நாங்கள் சொல்வோம், ஹொண்டுராஸ்காரர்களுக்கு அறிவு குறைவு என்று அவர்கள் சொல்வார்கள். எனக்கு வாயும் அதிகம், அன்றைக்கு அறிவும் குறைவு.

ஏனென்றால் அவள் வருவதற்கு முன் எங்கள் பிழைப்பு சந்தி சிரித்துக்கொண்டிருந்தது. புது வரைபடம் வேண்டுமென்றால் பழைய வரைபடம் ஒன்றைத் திறந்து, வேண்டாததை அழித்து, வேறு பெயரில் சேமிப்பதுதான் எங்கள் வழக்கம். அழிக்க மறந்தது அப்படியே கிடக்கும். அப்படித்தான் ஒரு பாஸ்டர் தன் தேவாலயத்து மனையின் வரைபடத்தைச் சபையார் முன்னால் பெருமையாக விரித்துப் பிடித்தபோது, பலிபீடம் இருக்கும் இடத்தில் ‘பன்றிக் கொட்டில், பெரியது’ என்று எழுதியிருந்தது. முந்தின வேலை ஒரு பன்றிப் பண்ணை. பாஸ்டர் எங்களை மன்னித்துவிட்டார், ஆனால் சபையார் சிரிப்பை அடக்க ஒரு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் எங்கள் முதலாளி, இன்ஜினியர் அமதோர், வரைவதற்குப் படித்த ஆள் ஒருத்தரைத் தேடினார்.

பத்தாவது நாள் அவள் என்னைக் கூப்பிட்டாள். “இங்க உக்காரு. உன் புள்ளிய இதுக்குள்ள போடு.”

போட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அசந்துபோனேன். எல்லைக்கோடு தானாகத் தடிமனாக விழுந்தது, ஓடை மெல்லிய நீலத்தில் வளைந்தது, பக்கத்து நிலத்துக்காரர்கள் பெயர் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. எல்லைக்கு ஒரு லேயர், அதாவது கண்ணாடித் தாள் மாதிரி ஒரு தனி அடுக்கு, வேலிக்கு ஒன்று, சாலைக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று. எந்த நிறத்துக்கு எத்தனை தடிமன் பேனா என்று முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருந்தாள். சின்ன மனையை ஐந்நூறில் ஒரு பங்காக அச்சடித்தாலும், பெரிய மேய்ச்சல் நிலத்தை ஐயாயிரத்தில் ஒரு பங்காக அச்சடித்தாலும், தாளில் எழுத்து இரண்டரை மில்லிமீட்டர்தான் நிற்கும். பரப்பளவு தானே கணக்காகி வலது மூலைக் கட்டத்தில் வந்து நின்றது. பன்றி எதுவும் இல்லை.

“இதுக்குப் பேரு டெம்ப்ளேட். இனிமே பழைய படத்தைத் திறந்து கிறுக்கினே, விரலை ஒடிச்சிருவேன்” என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் காபிக்கு முன்னால் ஒரு தாளில் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்றை அச்சடிப்பாள். இரும்பு ஸ்கேலை அதன்மேல் வைத்துக் குனிந்து பார்ப்பாள். அச்சு இயந்திரம் யாருக்கும் தெரியாமல் தாளுக்குப் பொருந்துகிற மாதிரி படத்தைச் சுருக்கிவிடும், அதுதான் உலகத்திலேயே பெரிய அயோக்கியத்தனம் என்பது அவள் கட்சி. கோடு சரியாக இருந்தால்தான் அந்த வாரம் எங்களுக்கு வேலை. பத்திரப் பதிவு அலுவலகத்துக் கவுன்டரில் ஒரு புண்ணியவான் இருந்தார், வட திசை அம்பு கோணலாக இருந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார். நோல்வியாவின் தாள் ஒன்றுகூட அவரிடமிருந்து திரும்பி வரவில்லை. கடைசியில் அவர் பார்ப்பதையே விட்டுவிட்டார், முத்திரையைக் குத்திவிட்டு அடுத்தது என்பார்.

அவளைப் பற்றி மற்றதெல்லாம் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. பிறந்தது சொமொத்தீயோ, எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். சினந்தேகாவில் வரைபடம் படித்து, அங்கேயே ஓர் அளவை அலுவலகத்தில் ஆறு வருடம் வேலை. பிறகு எங்கள் ஊர் லாரி டிரைவர் ஒருத்தனைக் கட்டிக்கொண்டு, இரண்டு பெட்டியோடும் ஒரு பென் டிரைவோடும் இந்தப் பக்கம் வந்தாள். புருஷன் வாரத்தில் நாலு நாள் ஏதாவது ஒரு சுங்கச் சாவடி வரிசையில் நிற்பான். நாங்கள் கால்பந்து பார்த்துக் கத்தும்போது அவள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவள் ஊர் பேஸ்பால் கேட்பாள். “ஒன்பது பேரு ஆளுக்கொரு பக்கம் நின்னு யோசிக்கிறதுக்குப் பேரு விளையாட்டா?” என்று நான் சீண்டுவேன். “இருபத்திரண்டு பேரு ஒரு பந்துக்கு அடிச்சிக்கிறதுக்குப் பேரு என்னவாம்?” என்பாள். அப்படியே பதினான்கு வருடம் ஓடிற்று.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். தாளின் கீழே வலது மூலையில் கட்டங்கள் உண்டு: உரிமையாளர், இடம், அளவு, தேதி, அளந்தவர், வரைந்தவர். ‘அளந்தவர்’ கட்டத்தில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ‘வரைந்தவர்’ கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும். ஒருநாள் கேட்டேன்.

“இங்க பொறந்தவங்களோட நிலம் இது. பத்திரத்து மூலையில வெளியூர்க்காரி பேரு எதுக்கு? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, முதல்ல அந்தக் கட்டத்தைத்தான் பாப்பாங்க” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது பயம் என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

போன பிப்ரவரியில் எல் ஹிகாரால் கிராமத்து வேலை வந்தது. முப்பத்தெட்டுக் குடும்பம், முப்பத்தெட்டு மனை. கூட்டுறவுச் சங்கம் நாற்பது வருடத்துக்கு முன் பிரித்துக் கொடுத்தது. எல்லாம் ஒரே அச்சு: இருபது வாரா அகலம், ஐம்பது வாரா நீளம், ஆக ஆயிரம் சதுர வாரா. எங்கள் கிழவர்களுக்கு மீட்டர் என்பது கடைக்காரன் துணி அளப்பது. நிலம் என்றால் வாராதான், மீட்டரைவிடக் கொஞ்சம் குட்டை. அரசாங்கத்துப் பட்டா வழங்கும் குழு ஒரு குறிப்பிட்ட புதன்கிழமை கிராமத்துக்கு வருகிறது. அதற்குள் ஒவ்வொரு தாளிலும் பக்கத்து மனைக்காரர்கள் எல்லை சரி என்று கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழு அடுத்த கிராமத்துக்குப் போய்விடும், இன்னும் எத்தனை வருடம் காத்திருப்பதோ.

அளக்கும்போது கூடவே இருந்து முளைக்கம்பு பிடித்தவர் ஊர்க் கமிட்டித் தலைவர் காசிமிரோ ஒர்த்தேஸ். அறுபது வயது, அரைச் சொல் அதிகம் பேசாத மனிதர். பக்கத்து மனை எலீசியோ. எலீசியோவின் மகளுக்குக் காசிமிரோதான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானம் நடந்த நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கூப்பிட்டாலும் ‘கொம்பாத்ரே’, திட்டினாலும் ‘கொம்பாத்ரே’, ஞானஸ்நானத்தால் உறவானவர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்.

தாள்கள் தயாரானபோது நான்தான் ஆரம்பித்தேன். “நோல்வியா, ஊர்க்காரங்களுக்கு மீட்டர் புரியாது. வாராவும் சேர்த்துப் போடேன்.”

“அதுக்கு ஒரு லேயர் இருக்கு. அணைச்சு வச்சிருக்கேன். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே.”

“அப்ப ஏத்து.”

மென்பொருளில் ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டி பல்பு உண்டு. அதை அமுக்கினால் மறைந்திருப்பது தெரியும். அவள் அமுக்கினாள், பரப்பளவுக்குக் கீழே வாரா வந்தது. “அரை மணி நேரம் குடு, ஒருதடவை கையால கணக்குப் போட்டுப் பாத்துடறேன்” என்றாள்.

“பல்பைப் போடறதுக்கு அரை மணி நேரமா? ஊர் ஆளுங்க தாளுக்காக வெளியில வேன்ல காத்திருக்காங்க. அடுப்புல குந்தின மாதிரி கொதிக்குது. அச்சடிம்மா!” என்று கத்தினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அச்சடித்தாள்.

நான் அப்படிக் கத்தாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வியாழக்கிழமை காசிமிரோ அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவில்லை. கையில் அவருடைய பழைய பத்திரமும் எங்கள் புதுத் தாளும்.

“என் பத்திரத்துல ஆயிரம். உங்க தாள்ல தொள்ளாயிரத்து எண்பத்தொம்பது. எலீசியோவுக்கும் அதே. முப்பத்தெட்டு வீட்டுக்கும் அதே. ஆளுக்குப் பதினோரு வாரா காணோம்” என்றார்.

“அது எப்படி...” என்றேன்.

“கடையில ஒருத்தன் கணக்குப் போட்டான். மொத்தம் நானூத்திப் பதினெட்டு. அளக்கும்போது கம்பு புடிச்சது யாரு? நான். ஊருக்குப் பின்னாடி இருக்கற முலாம்பழத் தோட்டத்துல வேலை செய்யறது யாரு மகன்? என் மகன். தோட்டத்துக்காரனுக்கு ஊர் நிலத்தை உருவிக் குடுத்துட்டேனாம்.” பழைய பத்திரத்தை மேஜைமேல் வைத்தார். “அதுல பாதி மண்ணை நான் முழுங்கிட்டேன்னு எலீசியோ வேலியப் புடுங்கி என் பக்கம் ஒரு சாண் தள்ளி நட்டுட்டான். எல்லார் எதிர்லயும் என்னை ‘தோன் காசிமிரோ’ன்னு கூப்பிட்டான். தோன்! இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம்.”

மரியாதைச் சொல்தான் அது, ஆணுக்குத் தோன், பெண்ணுக்குத் தோன்யா. ஆனால் அவனுடைய வாயிலிருந்து வந்தபோது அறைந்த மாதிரி இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறார்கள், தலைவர் பதவியிலிருந்து தன்னை இறக்கி, திருடன் என்று தீர்மானம் எழுதப்போகிறார்கள் என்றார். யாரும் யாருக்கும் கையெழுத்துப் போடப்போவதில்லை. பட்டாவும் இல்லை.

புள்ளிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். மீட்டர் கணக்கு ஊசி முனை பிசகாமல் சரியாக இருந்தது. அப்போது நோல்வியா எழுந்து வந்தாள். தாளை வாங்கி, பாக்கெட் கால்குலேட்டரில் மீட்டரை வாராவால் வகுத்தாள். வந்த எண்ணைப் பார்த்தாள். இன்னொரு தடவை வகுத்தாள். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

“இது எங்க ஊரு வாரா” என்றாள்.

சினந்தேகாவிலிருந்து பென் டிரைவில் கொண்டுவந்த பழைய தாளின் மேல்தான் அவள் அந்த ஒன்பது நாளும் உழைத்திருக்கிறாள். கோடு, எழுத்து, கட்டம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்தாள். அணைந்து கிடந்த அந்த ஒரு லேயரை மட்டும் தொடவில்லை. அவர்கள் பக்கத்து வாரா எங்கள் வாராவைவிட நீளம், வித்தியாசம் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் ஆயிரம் சதுர வாராவில் அது பதினொன்றைத் தின்றுவிடும்.

காசிமிரோவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இன்ஜினியர் கதவைச் சாத்தினார். நல்ல மனிதர்தான், ஆனால் ஈ பறந்தாலும் பயப்படுவார்.

“பதட்டப்படாதே. பல்பை அணைச்சிடு. மீட்டரை மட்டும் வச்சு மறுபடி அச்சடிச்சுக் குடுப்போம். மெஷின் கோளாறுன்னு சொல்லிக்கலாம். மீட்டர் எப்பவும் சரிதானே? பத்திர ஆபீஸ்ல மீட்டர்தான் செல்லும். யாருக்கும் ஒண்ணும் நஷ்டமில்லை” என்றார்.

“காசிமிரோவுக்கு?” என்றாள் நோல்வியா.

“காலப்போக்குல மறந்துடுவாங்க.”

“மறக்கமாட்டாங்க இன்ஜினியரே. வாரா எண்ணை நாம எடுத்துட்டா, அது உண்மைங்கறதாலதான் மறைச்சோம்னு ஆயிடும். அந்த மனுஷன் சாகறவரைக்கும் திருடன். நான் ஞாயித்துக்கிழமை அங்க போறேன்.”

“உனக்கென்ன பைத்தியமா? நிக்கராகுவாக்காரி நம்ம நிலத்தைச் சுருக்கிட்டாள்னு கத்துவாங்க. நாளைக்கு எவனும் நம்ம ஆபீசுக்கு வேலை குடுக்கமாட்டான். அப்புறம் உன்னை நான் எப்படி வச்சுக்கறது?” அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

“தெரியும்” என்றாள். “பதினாலு வருஷமா இதுக்குத்தான் பயந்துக்கிட்டு இருந்தேன்.”

மறுநாள் அவள் வீட்டிலிருந்து இரண்டு துடைப்பக் கட்டை கொண்டுவந்தாள். இரும்பு ஸ்கேலை வைத்து, ஒன்றை எங்கள் வாராவுக்கும் மற்றொன்றை அவள் ஊர் வாராவுக்கும் அறுத்து, நுனியை உப்புக்காகிதத்தால் தேய்த்தாள். நீளமானதற்கு நீல வண்ணம், குட்டைக்கு ஒன்றும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உதவட்டுமா என்றுகூடக் கேட்க வாய் வரவில்லை. கத்தத் தெரிந்த வாய்தானே.

ஞாயிறு மதியம் கால்பந்து முடிந்ததும் பள்ளிக்கூடத்து முற்றத்தில் ஊர் கூடியது. நான்தான் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு போனேன். காசிமிரோ ஓரத்தில் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் யாரும் இல்லை. எலீசியோ எதிர்ப்பக்கம், கையைக் கட்டிக்கொண்டு. கடைக்காரி தோன்யா லீதா எங்களைப் பார்த்ததும், “வந்துட்டாங்கப்பா! மிச்சம் இருக்கறதையும் அளந்து கொண்டுபோக வந்துட்டாங்க” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு இல்லை.

நோல்வியா நடுவில் போய் நின்றாள். “நான் நோல்வியா மொந்தால்வான். உங்க தாளை எல்லாம் வரைஞ்சது நான். சொமொத்தீயோக்காரி. தப்பு என்னோடது. தோன் காசிமிரோ ஒரு அடி மண்ணைக்கூடத் தொடலை.”

சத்தம் கிளம்பியது. “நிக்கராகுவாக்காரியா?” என்று ஒருவன் எழுந்தான். “அதான பாத்தேன்!” என்றான் இன்னொருவன். அவள் முகம் வெளுத்துவிட்டது, ஆனால் நகரவில்லை. அப்போதுதான் என் நாக்குக்கு உயிர் வந்தது.

“உக்காருங்கய்யா!” என்று கத்தினேன். “அவ கணக்கைச் சரிபாக்க அரை மணி நேரம் கேட்டா. நேரமில்லைன்னு விரட்டி அச்சடிக்க வச்சவன் நான். திட்டறதுன்னா முதல்ல என்னைத் திட்டுங்க. அப்புறம் அவ சொல்றதைக் கேளுங்க.”

திட்டினார்கள். தோன்யா லீதா என் அம்மாவைக்கூட விட்டுவைக்கவில்லை. திட்டி ஓய்ந்த பிறகு கேட்டார்கள்.

நோல்வியா இரண்டு கட்டையையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள். நீலக் கட்டை ஒரு நகத்தின் அளவு நீட்டிக்கொண்டிருந்தது. “இது உங்க வாரா. இந்த நீலம் எங்க ஊரு வாரா. நான் தெரியாம உங்க நிலத்தை எங்க ஊரு கட்டையால எண்ணிட்டேன். கட்டை நீளமானா எண்ணிக்கை குறையும். நிலம் குறையாது. நம்ப வேணாம், நீங்களே அளந்து பாருங்க. எங்கே வேலி மாறிச்சோ அங்கேயே.”

ஊரே எழுந்து எலீசியோ மனைக்குப் போயிற்று. கட்டையை அவனிடமே கொடுத்தாள். “நீங்களே வைங்க. நான் தொடமாட்டேன்.”

எலீசியோ தன் மனையின் அந்தக் கோடி மூலையில், சங்கம் நட்ட கல்லில் ஆரம்பித்தான். வண்ணமில்லாத கட்டையைத் தரையில் வைத்து, நுனியில் விரலால் கீறி, மறுபடி வைத்து வந்தான். கூட்டம் எண்ணியது. ஒன்று, இரண்டு என்று கேலியாகத் தொடங்கிய சத்தம் பத்துக்கு மேல் மெல்ல அடங்கியது. பதினெட்டு. பத்தொன்பது.

இருபதாவது கட்டையின் நுனி ஒரு குழியின் விளிம்பில் போய் நின்றது. பழைய வேலிக்கால் நின்ற குழி, அவனே பிடுங்கிய இடம். புது வேலி அதற்கு ஒரு சாண் தள்ளி, காசிமிரோவின் மண்ணில் நின்றது.

“நீலத்தாலயும் அளங்க” என்றாள் நோல்வியா மெதுவாக. அளந்தான். இருபதாவது நீலக் கட்டை குழியைத் தாண்டி ஐந்து விரல் அகலம் காசிமிரோ பக்கம் நீட்டியது. “இந்தக் கட்டைக்கு உங்க நிலம் இருபது இல்லை, பத்தலை. அதான் தாள்ல குறைஞ்சுது” என்றாள்.

தோன்யா லீதா நீலக் கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஆக அந்தப் பக்கம் வாயும் நீளம், வாராவும் நீளம்” என்றாள். கூட்டம் சிரித்தது. நோல்வியாவும் சிரித்துவிட்டாள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது.

எலீசியோ மட்டும் சிரிக்கவில்லை. குழியின் பக்கத்தில் முட்டி போட்டபடியே இருந்தான். காசிமிரோ அவனைப் பார்க்கவில்லை. நேராக நோல்வியாவிடம் வந்து, அன்றைக்கு முதல்தடவையாகத் தொப்பியைக் கழற்றினார்.

“எத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க, தோன்யா நோல்வியா?”

“பதினாலு.”

“பதினாலு வருஷமா கட்டையை மாத்தலையா?”

“மாத்தலை. மன்னிச்சுடுங்க.”

“மன்னிக்க நேரமாகும்” என்றார். “எனக்கு வலிச்சது கொஞ்சமில்லை. ஆனா நீங்க வரலைன்னா நான் செத்தாலும் திருடனாத்தான் சாவேன்.” மடித்து வைத்திருந்த தாளை எடுத்து மூலைக் கட்டத்தில் விரல் வைத்தார். “இங்க ஒரு கோடு மட்டும்தான் இருக்கு. தப்பு யாரு பண்ணாங்கன்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. சரியா வரைஞ்சது யாருன்னு புதுத் தாள்ல எழுதி அனுப்புங்க. இல்லைன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

திங்கட்கிழமை காலை பத்து சென்டிமீட்டர் கோடு, இரும்பு ஸ்கேல், எல்லாம் வழக்கம் போல. பிறகு அவள் டெம்ப்ளேட்டைத் திறந்து வாரா கணக்கை மாற்றினாள். அன்றைக்கு நானே ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து முப்பத்தெட்டையும் கையால் வகுத்துப் பார்த்தேன். முப்பத்தெட்டும் ஆயிரம். கடைசியாக ‘வரைந்தவர்’ கட்டத்துக்குப் போனாள். அந்தச் சின்னக் கோட்டை அழிக்க அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. இன்ஜினியர் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் காபி வாங்கிவரப் போனார்.

“எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கே” என்றேன்.

“அனுமதிச்ச அளவுலயே சின்னது. வேணும்னா கிட்டப் போய்ப் படி” என்றாள்.

புதன்கிழமை பட்டாக் குழு வந்தபோது நான் கிராமத்தில் இருந்தேன். பள்ளிக்கூடத்து மேஜையில் தாள்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொருவராக வந்து பக்கத்து மனைக்காரனின் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். வேலி திரும்பப் பழைய குழிக்கு வந்துவிட்டது என்று எனக்குச் சொன்னார்கள், ஆனால் காசிமிரோவும் எலீசியோவும் மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசவில்லை. காசிமிரோவின் தாள் வந்தது. எலீசியோ பேனாவை வாங்கி, மூலைக் கட்டங்களுக்கு மேலே, எல்லை சரி என்ற இடத்தில் மெதுவாகத் தன் முழுப் பெயரையும் எழுதினான். எழுதிவிட்டுப் பேனாவைப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினான்.

“இந்தாங்க கொம்பாத்ரே” என்றான்.

காசிமிரோ பேனாவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பேனாவை வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்து நடந்ததை நோல்வியாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினான்கு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் முதுகைத்தான் பார்த்தேன். நான் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: “அந்தாளு கையெழுத்து என் பேருமேல படலையே? அங்க இடம் கம்மி.”

“பட்டுடுச்சு” என்றேன். “ரெண்டாவது எழுத்தை மறைச்சுடுச்சு.”

“அப்ப கட்டத்தை இன்னும் மூணு மில்லிமீட்டர் பெரிசாக்கணும்” என்று சொல்லிவிட்டு, காலித் தாளைத் திறந்தாள்.